கேட்டு வாங்க வேண்டிய பொருள்

கே.ஜி.கண்டிகை
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி குமரேசனுக்கு,

அக்கா கனிமொழி எழுதுவது. நானும் உன் பாவாவும் சௌக்கியம். பாவாவுக்கு மழை ஈரம் பட்டால் முழங்கால் வலி வரும். வெயில் வந்ததும் அதை மறந்துவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சுரங்கம் தோண்டுகிற இடத்தில் டவர் கிடைப்பதில்லை, கடிதம் போடு என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? கண்டிகைத் தபால்காரரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். இப்போது பழகிவிட்டது. போனில் என்றால் "சரிக்கா, சரிக்கா" என்று ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் என்னை நடுவில் நிறுத்த முடியாது பார்.

ஆடிக் கிருத்திகைக்கு நம் பஜனைக் குழுவோடு மலைக்குப் போனோம். திருத்தணியே மஞ்சளாக இருந்தது. எங்கே பார்த்தாலும் பூக்காவடி. மண்டபத்தில் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கிறேன், துருத்தியில் எலி ஓட்டை போட்டு உள்ளே கூடு கட்டி வைத்திருக்கிறது. அமுக்கினால் வெறும் காற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோவிந்தம்மாள் அக்காதான், "பொட்டி இல்லாங்காட்டி இன்னா, என் தொண்டை கீதில்ல" என்று ஆரம்பித்துப் பாடி முடித்தார்.

டிசம்பர் கடைசியில் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடி மலை ஏறுவதற்குப் பெட்டி இல்லாமல் முடியாது. புதுப் பெட்டி உன் உபயம் என்று நீ சித்திரையில் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு நீ வந்ததும் பஜாரில் சுந்தரமூர்த்தி கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கலாம். எனக்கு வாசிக்கத்தான் வரும். டோலக் வாசிக்கிறவன் நீ, சுருதி சேர்ந்திருக்கிறதா என்று உன் காதுக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா
கனிமொழி


இமாச்சல்
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குமரேசன் வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சப்பாத்தியும் பருப்பும்தான். வாரத்தில் ஒரு நாள் சோறு. பாவாவின் முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது, ஒரு தரம் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார் என்று தெரியும்.

பெட்டி நான் சொன்னபடி வாங்கித் தருகிறேன். ஆனால் கடைக்குப் போக வேண்டாம் அக்கா. சனிக்கிழமை இங்கிருந்து கீழே டவுனுக்கு இறங்கும்போது நெட் கிடைக்கும். ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் எத்தனை விதமான பெட்டி! என்ன மரம், எவ்வளவு எடை, மடித்துத் தூக்கலாமா, எல்லாம் போட்டிருக்கிறது. வாங்கினவர்கள் எழுதியதையும் படித்தேன். ராஜஸ்தானில் ஒருவர் கோயிலில் வைத்து வாசிக்கிறாராம், ஒரு குறையும் இல்லை என்கிறார்.

சுந்தரமூர்த்தி கடையில் இரண்டே பெட்டிதான் இருக்கும். ஒன்றின் மேல் தூசி இருக்கும். இன்னொன்றுக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். அவர் தட்டிக் காட்டும்போது நாம் தலையாட்டிவிட்டு வருவோம். அதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. இங்கே மலைச் சரிவில் ஆப்பிள் பழுத்துக்கொண்டிருக்கிறது. தினம் ஒன்று தின்கிறேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் தம்பி
குமரேசன்


கே.ஜி.கண்டிகை
29 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ ஆப்பிள் தின்கிற செய்தி கேட்டு உன் பாவா, "நாம இங்க கரும்பு தின்னுகினு கீறோம், அவன் ஆப்பிள் திங்கறான். பெரிய மனுசன் ஆயிட்டான்" என்றார்.

நீ வேண்டாம் என்று எழுதினாலும் நான் சுந்தரமூர்த்தி கடைக்குப் போனேன். பாவாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொன்ன தூசிப் பெட்டி இருந்தது, உண்மைதான். அட்வான்ஸ் பெட்டி இல்லை. மற்றபடி ஸ்கூல் பேண்டு டிரம், கித்தார், சலங்கை, விளையாட்டுக் கப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. நான் வாய் தவறி ஆன்லைன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"வாங்குங்கம்மா, நல்லா வாங்குங்க. அது பாடலன்னா அந்த போன்காரன் வந்து பாடுவான். ரிப்பேருன்னு மட்டும் என்னாண்ட வராதீங்க."

"கோவிச்சிக்காதீங்க, பாக்கத்தானே வந்தோம்" என்றார் பாவா.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது இதுல? கேக்கணும்" என்று சொல்லித் தூசிப் பெட்டியைத் துடைத்து என் முன்னால் வைத்தார். வாசித்தேன். தம்பி, நல்ல குரல் அதற்கு. சாப்பிட்டு எழுந்த பெரியவர் நிதானமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு குறை, பாறாங்கல் கனம். பாவாவும் அவரும் சேர்ந்துதான் இறக்கினார்கள். இதைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் எந்தப் பாட்டும் வராது, மூச்சுதான் வரும்.

ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. தீபாவளி வரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டு வாங்க வேண்டிய பொருளைப் படத்தில் பார்த்து எப்படிடா வாங்குவது? நீ வந்து ஒரு தரம் கேள். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் உன் ஆன்லைனுக்கே போகலாம்.

பாவா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்
கனிமொழி


இமாச்சல்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முந்தின சனிக்கிழமையே நான் ஆர்டர் போட்டுவிட்டேன். கோபப்படாதீர்கள். எடை குறைந்ததாகவே பார்த்துப் போட்டிருக்கிறேன். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். இன்னும் ஒரு வாரத்தில் வந்துவிடும். சுந்தரமூர்த்தியிடம் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு வர இயலாது போலிருக்கிறது. வேலை அதிகம். குழுவுக்கு வேறு டோலக் ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. பாவா நலமா? கடலை பிடுங்கியாயிற்றா?

பெட்டி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுங்கள், அன்றைக்கும் டவுனுக்கு இறங்குவேன், பார்க்கிறேன்.

தம்பி
குமரேசன்


கே.ஜி.கண்டிகை
24 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே இருக்கட்டும்.

பெட்டி வந்த கதையைக் கேள். டெலிவரி பையனுக்கு நம் வீடு தெரியவில்லை. டீக்கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கண்டிகை அதைச் சுற்றி நிற்கிறது. டி.வி. என்றார் ஒருவர், மோட்டார் என்றார் இன்னொருவர். பாவா அங்கேயே கத்தி வாங்கிப் பிரித்தார். தெர்மகோல் உருண்டைகள் டீக்கடை முழுக்கப் பறந்து டீ கிளாஸில் விழுந்தன.

பெட்டி அழகாக இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன், சுந்தரமூர்த்தி கடைப் பெட்டியைவிட அழகு. செக்கச் செவேலென்று, மடித்தால் ஒரு சூட்கேஸ் மாதிரி. எடையும் நீ சொன்னபடிதான். ஆனால் ஒரு கோளாறு. துருத்தியைப் போட்டதும் நடுவில் ஒரு கட்டை, கை வைக்காமலே கத்துகிறது. எதை வாசித்தாலும் கூடவே அது ஊதிக்கொண்டே இருக்கிறது.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காட்டினேன். பாவா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துவிட்டு வெறும் துருத்தியை மட்டும் போட்டேன். "கேக்குதாடா, இந்தக் கட்டை கத்திகினே கீதே" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்குக்கா, சூப்பர்" என்றாய். நான் பெட்டியை மூடிவிட்டேன்.

கடலை பிடுங்க இன்னும் நாள் இருக்கிறது. ஏரியில் பாதித் தண்ணீர். நீ நன்றாகத் தூங்குகிறாயா? வேலை கஷ்டமா? ஏதாவது என்றால் என்னிடம் சொல்வாய் அல்லவா?

உன் அக்கா
கனிமொழி


இமாச்சல்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வீடியோவில் இங்கே சத்தம் சரியாக வருவதில்லை, நெட் அப்படி. தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்குள் பெட்டியைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். எப்படிக் கழற்றி மாட்டுவது என்று ஒரு வீடியோவை அனுப்பினார்கள். பாவாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். திருப்புளி இருந்தால் போதுமாம். ஆன்லைனில் இதுதான் தொல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் அதிகம். சீக்கிரம் எழுதுகிறேன்.

குமரேசன்


கே.ஜி.கண்டிகை
15 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

பாவா திருப்புளியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் கழற்றிய மிக்ஸி இன்னும் பரண்மேல் பாகம் பாகமாக இருக்கிறது. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுந்தரமூர்த்தி கடைக்கே போனேன்.

"என்னாண்ட வராதீங்கன்னு சொன்னேனே" என்றார்.

"வராம எங்க போறது? திருத்தணியில நீங்கதானே கீறீங்க" என்றேன்.

அது அவருக்குப் பிடித்துவிட்டது. உட்கார வைத்து மேல்பலகையைக் கழற்றினார். கத்துகிற கட்டைக்கு அடியில், காற்றை அடைக்கிற பட்டையில், ஒரு தெர்மகோல் உருண்டை! பாவா டீக்கடையில் பிரித்தபோது புகுந்திருக்கும். அதை எடுத்ததும் சத்தம் நின்றது. உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பஜாரில் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். "ஆன்லைன் இன்னா குடுத்தான் பாரு, ஓசியில ஒரு முத்து!"

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்து கடை வாசலில் நின்றது. டெலிவரி பையன் இறக்கியது நமக்கு வந்த அதே மாதிரி அட்டைப் பெட்டி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆங், நானும் அங்கேருந்துதான் வரவழைக்கறேன்" என்றார். "இல்லன்னா எங்க போவேன்? ஆனா வந்த உடனே விக்கமாட்டேன்மா. கொஞ்ச நாளு வாசிச்சிப் பாப்பேன். சரியில்லாததைத் திருப்பிடுவேன். அந்தக் கேக்கற வேலைக்குத்தான் நீங்க எனக்குக் கூடக் குடுக்கறீங்க."

தம்பி, இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது, கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "உனக்குப் பொண்ணு பார்க்கட்டுமா" என்று கேட்டேன். எப்போதும் அந்தப் பேச்சை எடுத்தாலே குதிப்பாய். நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பி உன்னைப் பார்த்த பிறகுதான் "என்னக்கா?" என்றாய். பாவா போன் வைத்ததும் சொன்னார்: "கனி, உன் தம்பி உதட்டப் பாத்துகினு பேசறான்."

காது கேட்கவில்லையா தம்பி? எவ்வளவு நாளாக?

உன் அக்கா


கே.ஜி.கண்டிகை
5 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. உனக்கு எடுத்த சட்டையை மடித்து வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் நம் தெருவில் நுழைவதைப் பார்த்ததும் நான் எழுந்து போகிறேன். அவர் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். உனக்குப் பிடித்த எள்ளடை சுட்டேன், பாவாதான் தீர்த்தார். புதுப் பெட்டியில் தினம் வாசித்துப் பழகுகிறேன். நீ வாங்கிக் கொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் கேட்டது உனக்குக் கோபமாக இருந்தால் திட்டி எழுது. சும்மா மட்டும் இருக்காதே.

அக்கா


இமாச்சல்
14 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. நான் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இடது காது போன குளிர்காலத்திலேயே போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. பாறையைத் துளைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில்தான் எனக்கு வேலை. அதோடு காற்றை உள்ளே தள்ளும் பெரிய ஃபேன், பிறகு வெடி. முதலில் ஷிப்டு முடிந்தால் காதுக்குள் ஒரு சத்தம் "கூ" என்று வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். அப்புறம் அது போகவே இல்லை. காதில் வைக்க ஏதோ கொடுத்தார்கள். வைத்தால் கூட்டாளிகள் பேசுவது கேட்காது என்று நான் வைக்கவில்லை.

டவர் கிடைக்காது என்று சொன்னது பாதிதான் உண்மை. போனில் நீங்கள் பேசுவது எனக்குப் புரிவதில்லை அக்கா. கடிதத்தில் ஒரு வார்த்தை விடாமல் உங்கள் குரல் வருகிறது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

கடைக்கு வேண்டாம் என்று அடம் பிடித்ததும் அதற்குத்தான். சுந்தரமூர்த்தி வாசித்துக் காட்டிவிட்டு "சுருதி எப்படிக் கீது நைனா?" என்று என்னிடம்தான் கேட்பார். பஜாரில் அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வேன்? ஆன்லைனில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. படம் பார்த்தேன், எடை பார்த்தேன், பட்டனை அமுக்கினேன். அவ்வளவுதான்.

காது மெஷினையும் அப்படித்தான் வாங்கினேன். நல்ல பேர் எடுத்த மெஷின் என்று போட்டிருந்தது. மாட்டினால் விசில் அடிக்கிறது. பக்கத்தில் யாராவது தட்டைக் கீழே வைத்தால் மண்டைக்குள் இடி இடிக்கிறது. என் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

போன மாதம் லோடர் வண்டி பின்பக்கமாக வந்ததை நான் கவனிக்கவில்லை. ஜார்க்கண்ட் கூட்டாளி ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இன்னும் எஞ்சினியரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

படித் திருவிழாவுக்கு நான் வரவில்லை. டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு தாளம் தப்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. பாவாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

தம்பி
குமரேசன்


கே.ஜி.கண்டிகை
23 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தைப் பாவாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் நான் அழுதேன். பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். வந்ததும் சொன்னார்: "செருப்பு வாங்கப் போனா, நாலு ஜோடி போட்டுப் பாத்து, நடந்து பாத்துட்டு வாங்குவான். காதுல மாட்டற மெஷின படத்தப் பாத்து வாங்கிகினு கீறானா? அவன உடனே கிளம்பி வரச் சொல்லு."

மறுநாளே சோளிங்கர் பஸ் பிடித்து வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் திருவாலங்காடு சர்க்கரை ஆலையிலிருந்து நம் கரும்பை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பக்கத்து நிலத்து முனியனிடம் "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்தம் வராத ஓர் அறையில் உட்கார வைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பார்களாம். பிறகு உன் காதுக்கு எது குறைவோ அதை மட்டும் கூட்டி மெஷினைப் பொருத்துவார்களாம். சரியில்லை என்றால் மறுபடி போய் உட்காரலாம். பழைய காது திரும்பாது என்றும் சொன்னார்கள். அதையும் உனக்கு மறைக்கவில்லை.

எஞ்சினியரிடம் சொல்லிவிட்டு வா. வண்டி வருவது தெரியாமல் அந்தச் சுரங்கத்துக்குள் இனி நீ ஒரு நாளும் நிற்கக் கூடாது. வேலை போனால் போகட்டும். பாவாவோடு கரும்பு வெட்டு. ஆனால் போகாது என்று என் மனசு சொல்கிறது.

படித் திருவிழாவுக்கு டோலக் ஆள் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். என்ன வாசிக்கிறாயோ வாசி. தப்பினால் என் தலையைப் பார். நான் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டேதான் பாடுவேன், உனக்குத் தெரியுமே.

ரயில் ஏறியதும் ஒரு மெசேஜ் போடு. அரக்கோணத்துக்குப் பாவா வருவார்.

உன் அக்கா
கனிமொழி


இமாச்சல்
21 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும்,

குமரேசன் வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த பொங்கல் கரும்பை டெல்லி ஸ்டேஷனில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இங்கே பனி கூரை வரை கிடக்கிறது. உடம்பு நலம். பாவா முழங்காலுக்கு வேலூர் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாரா?

இப்போது போனில் பேசினால் எனக்கு ஓரளவு புரிகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தபோது சொல்ல வராதது சில இருக்கின்றன.

சுந்தரமூர்த்தி கடைக்கு நீங்கள் என்னைத் தனியாக அனுப்பினீர்களே, அங்கே நடந்ததை முழுக்கச் சொல்லவில்லை. போனதும் அவர் என் காதில் இருந்த மெஷினைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். பழைய டோலக்கின் தோல் தொய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்றேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தட்டினேன். தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி இருந்தது. மெஷின் வைத்த நாளிலிருந்து எல்லாமே எனக்குக் கொஞ்சம் தகரமாகத்தான் கேட்கிறது. பழகப் பழகச் சரியாகும் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். மறுபடி தட்டினேன். அதே தகரம். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம் இனிமேல் எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றி, கேட்டேவிட்டேன்.

"எனக்கு இது டப்பா மாதிரி கேக்குதுங்க. உங்களுக்கு எப்பிடிக் கேக்குது?"

அவர் டோலக்கை வாங்கி இரண்டு பக்கமும் தட்டினார். தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் அப்பிடித்தான் கேக்குது நைனா. மட்டமான சரக்கு. திருப்பி அனுப்பணும்னு ஓரமா வெச்சத மறந்து எட்துட்டேன். இத்தப் பாரு" என்று வேறு ஒன்றைக் கொடுத்தார்.

அக்கா, கடை நடுவில் நின்று நான் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என் காதுமேல் மறுபடி நம்பிக்கை வந்தது அங்கேதான், ஆஸ்பத்திரியில் இல்லை. திருவிழாவன்று படியில் உட்கார்ந்து வாசித்தபோது இரண்டு இடத்தில் தாளம் நழுவியது. உங்கள் தலையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். கோவிந்தம்மாள் அக்கா மட்டும் முறைத்தார். அவர் எப்போதுமே முறைப்பார்.

இங்கே வந்ததும் எஞ்சினியர் என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். சுரங்கத்துக்கு வெளியே, மெஷின் உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை. காதில் மெஷினோடு முதல் நாள் மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது எல்லோரும் ஒரு தரம் என் காதைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

என்னை இழுத்துக் காப்பாற்றினானே, அந்த ஜார்க்கண்ட் கூட்டாளி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இதை மாட்டினதும் முதலில் என்ன கேட்டது?" என்றான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மெஷினைப் பொருத்தி முடுக்கியபோது கேட்டதைச் சொன்னேன். "என் அக்காவின் குரல். பாவா குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, தனக்கும் ஒரு வருஷமாகக் காதில் "கூ" சத்தம் இருக்கிறது என்றான். வீட்டில் யாருக்கும் தெரியாதாம். மறுநாள் அவன் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தான். ஐந்து பேருமாக எஞ்சினியரிடம் போய் நின்றோம். வருகிற சனிக்கிழமை கம்பெனி ஜீப் எங்களைக் காது பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறது. காது சோதனைக்கு ஏற்கெனவே போய் வந்தவன், வழி தெரிந்தவன் என்று என்னை முன்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
குமரேசன்